கோடு வரை ஒரு குழாய்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. என் அக்காவிடம் கேட்டு வாங்கியது. அவள் டாக்டர். ஆனால் ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. ரத்தம் எப்படி உறைகிறது, உறையக் கூடாத இடத்தில் ஏன் உறைகிறது, போய் இதயத்துக்கான வழியை எப்படி அடைக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகக் குடைந்துகொண்டிருக்கிறவள். "உன்னைப் பத்தி ஒரு கதை எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுது. பதிலுக்கு எனக்கு ஒரு குழாய் ரத்தம் குடு."

சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. இதற்குள் கதையை ஒன்பது தடவை ஆரம்பித்திருக்கிறேன். கையை ஒரு தடவைகூட நீட்டவில்லை.

அந்த ஒரு குழாய் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லத்தான் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள். [பொறுக்கச் சொல்வது உங்களையா, அக்காவையா என்று எனக்கே சந்தேகம்.]

2

முதல் வரைவு இப்படிப் போனது:

"அவளுக்குப் பதினாறு வயதானபோது, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அன்றைக்கே அவள் ஒரு சபதம்"

அக்கா இதுவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பாவை ஏன்டி கொன்னே?"

"நீ இந்த ஆராய்ச்சிக்கு வந்ததுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"அந்த ஒரு லேப்லதான் ஏசி இருந்துச்சு. அதான் காரணம். அந்த மனுஷன் நேத்துகூட டிவி ரிமோட் வேலை செய்யலைன்னு அரை மணி நேரம் என் உயிரை வாங்கினாரு. அவரைப் போய்!"

அப்பாவை உடனே பிழைக்க வைத்தேன். கதையின் முதல் வரி போய்விட்டது. போகட்டும்.

3

இனி நிஜமாக நடந்தது.

அவள் வேலை செய்வது மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். இரண்டு மெஷின்கள், ஒரு குளிர்பெட்டி, ஒரு கால் ஆடும் ஸ்டூல். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் ரத்தத்தில் கோளாறு இருக்கிறதா என்று சொல்வதற்குக் கோளாறில்லாத ரத்தம் பக்கத்தில் இருக்க வேண்டுமே, அதற்கு அங்கே வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவார்கள். அதிலும் அக்கா கை ராசியான கை. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டதில்லை. பதினோரு வருடமாக அந்த லேபில் 'நார்மல்' என்றால் பெரும்பாலும் அவள்தான்.

கூட வேலை செய்யும் டெக்னீஷியனுக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். ரத்தம் உறைய எத்தனை வினாடி என்பதை மெஷினுக்கு முன்பே சொல்லிவிடுவாராம். [நம்புவது கஷ்டம். அக்கா சத்தியம் செய்கிறாள்.]

மூன்று மாதம் முன்பு ஒரு புதுச் சோதனை வந்தது. ரத்தம் உறைய ஆரம்பித்தால், 'போதும், நிறுத்து' என்று சொல்ல நம் உடம்பிலேயே ஒரு புரதம் இருக்கிறது. அது சொல்வதை ரத்தம் காதில் போட்டுக்கொள்கிறதா என்று பார்க்கிற சோதனை. வழக்கம்போலப் பன்னிரண்டு பேர் கை நீட்டினார்கள். குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும். பதினோரு குழாய்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஏழாம் எண் கேட்கவில்லை.

"ஏழு யாரு மேடம்?" என்றார் கடிகாரம்.

அவளுக்குத் தெரியும். ஏழு அவள்தான்.

[இங்கே "அவள் கை நடுங்கியது" என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் அக்காவின் பென்சில்: "நடுங்கலை. குழாய் சரியா நிரம்பலையோன்னு பார்த்தேன்."]*

\* அந்தக் குழாய்களுக்கு நீல மூடி. உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து, அளந்து வைத்தது. ரத்தம் சரியாகக் கோடு வரை ஏற வேண்டும். குறைந்தால் மருந்து மிஞ்சிப்போய் முடிவு தப்பாக வரும். கோட்டைத் தொடாத குழாயை அவர்கள் யார் முகத்துக்காகவும் ஏற்க மாட்டார்கள். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி குத்துவார்கள்.

குழாய் கோடு வரை நிரம்பித்தான் இருந்தது. மறுபடி குத்திக்கொண்டாள். மறுநாள் இன்னொரு தடவை. பிறகு மரபணுவையும் பார்த்தாள். பிறவியிலேயே உள்ளது. வழக்கமான சோதனைகளில் தலைகாட்டாமல் இத்தனை வருடம் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்: "பதினோரு வருஷமா நாம நார்மல்னு வெச்சிருந்தது நார்மல் இல்ல. என்னை எடுத்துட்டு எல்லாத்தையும் முதல்லேருந்து போடுங்க."

எல்லோரும் பழைய நோட்டுகளைத் தேடி எடுத்தார்கள். இத்தனை வருட உழைப்பும் ஊற்றிக்கொண்டுவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள். மூன்று வாரம் பிடித்தது. அவளை எடுத்தபின் பார்த்தால், இதய நோயாளிகளின் ரத்தத்துக்கும் மற்றவர்களுடையதுக்கும் இருந்த வித்தியாசம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"நான் இல்லாம என் ஆராய்ச்சி இன்னும் நல்லா இருக்குடி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

4

[இந்தப் பகுதி நீக்கப்பட்டது. எது நீக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.]

இப்படி ஒரு நிதானமான பெண்ணை யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் அவளை லேபின் கழிவறைக்குள் அனுப்பி, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒரு பக்கம் முழுக்க அழ வைத்தேன். பிரமாதமான பக்கம், நானே சொல்லிக்கொள்கிறேன். அக்கா குறுக்கே ஒரே கோடு.

"நீ அழவே இல்லையாக்கா?"

"அழுதேன். ஆனா அங்க இல்ல." பென்சிலை மேசையில் வைத்தாள். "உன் பொண்ணு மாசமா இருக்கான்னு சந்தோஷமா ஃபோன் பண்ணினியே, அன்னிக்கு. நீ வெச்சதும் அடுப்பை அணைச்சிட்டு உட்கார்ந்து அழுதேன்."

5

ஆக, குழாய்க்கு வருகிறேன்.

இது பரம்பரையாக வருவது. அப்பாவைச் சோதித்தாயிற்று, அவருக்கு இல்லை. ("எனக்கு எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அந்த ரிமோட்டைப் பாருங்க" என்றாராம்.) அப்படியானால் அம்மா வழி. அம்மா இப்போது இல்லை. என்னைப் பெற்ற பத்தாம் நாள் அவளுக்கு இடது கால் வீங்கியது, கடைசிவரை முழுசாக வற்றவே இல்லை. இடது செருப்பின் வாரை மட்டும் எப்போதும் ஒரு துளை தளர்த்திப் போடுவாள். அம்மா என்றால் அப்படித்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காலுக்குள் ரத்தம் உறைந்ததுதான் அது என்று அக்கா இப்போது சொல்கிறாள்.

அக்காவுக்கு இருப்பது எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இருந்தால், என் மகளுக்கும் பாதிக்குப் பாதி. மகளுக்கு இது ஐந்தாம் மாதம்.

"அவளையே நேரா சோதிக்க வேண்டியதுதானே?" என்று நான் தப்பிக்கப் பார்த்தேன்.

"மாசமா இருக்கறப்போ எல்லாருக்குமே ரத்தம் கொஞ்சம் சீக்கிரம் உறையும். இந்தச் சோதனை குழம்பிடும். மரபணுவைப் பார்க்கலாம்தான். ஆனா உனக்கு இல்லேன்னா அவளைத் தொடவே வேண்டாமே. புள்ளையை எதுக்குப் பயமுறுத்தணும்?"

"எனக்கு இருந்தா?"

"இருந்தாலும் குடி முழுகிடாது. முக்கால்வாசிப் பேருக்கு ஆயுசு முழுக்க ஒண்ணும் ஆகறதில்ல. எனக்கே ஆகலையே. பிரசவத்துக்கு அப்புறம் ஆறு வாரம்தான் ரொம்பக் கவனமா இருக்கணும். தேவைப்பட்டா ஊசி இருக்கு. அவ டாக்டருக்கு முன்னாடியே தெரியணும், அவ்வளவுதான். நீ இந்த வாரமும் டிமிக்கி குடுத்தா நான் அவகிட்டயே பேசிடுவேன்."

அவ்வளவுதானாம். அப்புறம் நான் ஏன் நீட்டவில்லை? ஊசிக்கெல்லாம் பயமில்லை. என் மகளுக்கு என் மூக்கைக் கொடுத்தேன், என் பிடிவாதத்தைக் கொடுத்தேன். இதையும் நான்தான் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு காகிதத்தில் படிக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதினேன். கதை முடியட்டும் அக்கா, முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே, அது முடியாமல் பார்த்துக்கொண்டேன். ஒன்பது ஆரம்பங்களின் ரகசியம் இதுதான்.

6

முடிவுகள் மட்டும் மூன்று தயாராக இருந்தன.

முதலாவதில் எனக்கு ஒன்றும் இல்லை. அக்காவும் நானும் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். நடக்கக்கூடியதுதான், ஆனால் ஆசைப்பட்டு எழுதியது என்று அடுத்த தெருவரை வாசனை அடிக்கிறது.

இரண்டாவதில் எனக்கு இருக்கிறது, மகளுக்கும் இருக்கிறது, குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது. இதில் நான் பெரிய தியாகி. படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

மூன்றாவதில் குழாய் கை நழுவி விழுந்து உடைகிறது, முடிவு யாருக்கும் தெரிவதில்லை. விவரமான வாசகர்களுக்கு இது பிடிக்கும் என்று பெருமையாக அக்காவிடம் காட்டினேன்.

"இப்பல்லாம் பிளாஸ்டிக் குழாய்டி. உடையாது" என்றாள்.

7

இன்று காலை பதினோரு மணிக்கு அக்கா வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பெட்டி.

"இன்னும் எழுதிட்டுத்தான் இருக்கியா?"

"கடைசிப் பகுதி."

"நல்லதாப் போச்சு. எழுது. வலது கையை நீயே வெச்சுக்கோ. இடது கையைக் குடு."

ஆகவே இதை ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை. ஈரப் பஞ்சு. சில்லென்று

"எனக்கு இருந்தா, அவளுக்கு நான்தானேக்கா குடுத்தது?"

"நாம என்ன கடையில பொறுக்கியா எடுத்துக் குடுத்தோம்? அம்மா மேல உனக்குக் கோபம் இருக்கா?"

"சேச்சே."

"அப்புறம் என்ன? கையை மடக்காதே."

சுருக்கென்றது. குழாயில் ஏறுகிறது. நான் நினைத்ததைவிடக் கறுப்பு. கோட்டுக்கு இன்னும் கொஞ்சம்தான், இன்னும்

தொட்டுவிட்டது.

அக்கா குழாயை நாலு தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினாள். குலுக்கக் கூடாதாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "ம்" என்றாள். நாலு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும் என்று, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கதையின் முடிவு இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. சாயங்காலம் கடிகாரம் பார்ப்பார், நாளைக்கு அக்கா சொல்வாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. மேலே உள்ள மூன்றில் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. நிஜமானதை உங்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் கொட்டியிருக்கிறேன். அவளிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஃபோன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லும்மா. கதை முடிஞ்சுதா?"

"அது கிடக்கட்டும். நீ முதல்ல உட்காரு. பாட்டியோட இடது கால் உனக்கு ஞாபகம் இருக்கா?"