காப்புக் கட்டிய கையில் மாத்திரை

சத்தியப்பிரியாவுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி, உடம்புக்கு வேண்டியதைச் சுரக்காது. அதனால் முப்பத்தாறு வருஷமாக வேளை தவறாமல் ஸ்டீராய்டு மாத்திரை. போன மாதம் குளியலறையில் வழுக்கி இடது மணிக்கட்டு ஒடிந்தபோது மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். இத்தனை வருஷம் மாத்திரையின் அளவு கூடிப்போனதில் எலும்பு மெலிந்துவிட்டது என்றார் டாக்டர். அளவைக் குறைத்தார். ஆனால் ஒருவேளைகூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

கூடப் போன அண்ணன் முத்துக்கண்ணன் காதில் முதல் பாதிதான் ஏறியது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கச்சி. அவர்கள் ஊரான அமராவதிபுதூரில், அம்மன் திருவிழா முளைப்பாரிக்குக் காப்புக் கட்டிய பெண்கள், விரதம் முடியும்வரை மருந்து தொடுவதில்லை. அந்த வழக்கம் அவனுக்கு வசதியாகப் போயிற்று. எட்டு நாள் விரதத்தில் எலும்பு தேறிவிடும் என்று சொல்லி, சத்தியப்பிரியா காப்புக் கட்டிய அன்று மாலையே மாத்திரைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். பாசம்தான், வேறென்ன.

மறுநாள் மதியத்துக்குள் இரண்டு முறை வாந்தி. கண் இருட்டியது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கோயிலுக்கு நடந்தாள். அங்கே பூசாரி குழந்தைவேலுவோடு பேசிக்கொண்டிருந்த அண்ணனிடம் சாவியைக் கேட்டாள்.

மருந்து வேண்டுமென்றால் காப்பைக் கழற்றிவிடச் சொன்னார் பூசாரி. பாதியில் கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பதறினான் அண்ணன். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மயக்கம்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றது.

"காப்பையும் கழட்ட மாட்டேன், மாத்திரையையும் விட மாட்டேன். ஆத்தாளுக்குக் கோவம்னா எங்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "எலும்பு மெலிஞ்சா நான் மெதுவா நடப்பேண்ணே. மாத்திரை இல்லைன்னா நாலு பேரு தூக்கிட்டுத்தான் போகணும். எதுன்னு இப்பவே சொல்லுங்க."

முத்துக்கண்ணன் வீட்டுக்கு ஓடினான். ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்து, மாத்திரை அட்டையை நீட்டினான். சத்தியப்பிரியா டாக்டருக்குப் போன் போட்டு எத்தனை போட வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, ஊரே பார்க்க, காப்புக் கட்டிய கையாலேயே மாத்திரையை வாயில் போட்டாள். தண்ணீர் கேட்டாள். கோயில் செம்பில் தீர்த்தத்தை மொண்டு கொடுத்தவர் பூசாரி.