ஹாரன் அடித்த கட்டைவிரல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சுவரொட்டியில். பெரம்பலூரில் ஒரு கல்லூரி வாசலில் ஒட்டியிருந்தார்கள்: ‘அக்குபங்சர் ஊசி மூளையின் அசைவு நரம்புகளை என்ன செய்கிறது? ஆராய்ச்சிக்கு உடல்நலம் உள்ளவர்கள் தேவை.’ நோயாளிக்கு இடமில்லையாம்! ஒரு நோயாளியின் மனைவி இதைப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சிந்தாமணி வந்து நின்றாள். ஊர் மீன்சுருட்டி.

2

‘சிந்தாமணியின் மூளைக்குள் ஒரு மின்னல்...’

சீச்சீ, இந்த ஆரம்பம் வேண்டாம். (மூளைக்குள் மின்னலோடு யார் பஸ் ஏறுகிறார்கள்?)

அவள் பஸ் ஏறியது புருஷன் செல்லப்பனுக்காக. லாரி டிரைவர். சிதம்பரத்தில் சிமெண்டு இறக்கிவிட்டு அரியலூர் திரும்பும்போதெல்லாம், வீட்டு முனையில் வலது கட்டைவிரலால் ஹாரனை அழுத்துவான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் உலை வைப்பாள். பக்கவாதம் வந்து அந்தக் கை விழுந்துவிட்டது. அவள் காது மட்டும் இன்னும் ரோட்டில்தான் கிடக்கிறது. பாவி மனுஷி, அந்தச் சத்தத்துக்கு அப்படி ஏங்குகிறாள்.

“ஊசி குத்துனா கை வரும்ங்கறாங்க. மொதல்ல என் கையில பாத்துட்டு வரேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள், குழம்பில் உப்புப் பார்ப்பது போல.

3

ஆராய்ச்சி செய்யும் சுவாதி, சிந்தாமணியின் தலைமேல் ஒரு காந்தச் சுருளை வைத்துச் சொடுக்கினாள். கட்டைவிரல் தானாகத் துள்ளியது. எவ்வளவு துள்ளியது என்று திரையில் ஒரு கோடு எழுந்தது. அடுத்து கையில் ஊசி.* மறுபடி அளக்க வேண்டும்.

(* சிலருக்குத் தோலை மட்டும் தொட்டு நிற்கும் பொய் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவரிடம் சொல்வதில்லை. சத்தியமாக எனக்கும் தெரியாது.)

“கைய சும்மா விட்டுடுங்கக்கா. எதையும் நெனைக்காதீங்க.”

“சரிங்க மேடம்.”

நினைக்காமலிருக்க அவள் என்ன கல்லா? வெளியே ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். மனசுக்குள் செல்லப்பனின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஹாரனை அழுத்தினாள், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். மடியில் கை அசையவே இல்லை. சுருள் சொடுக்கியது, கோடு எகிறியது.

“அக்கா, நல்லா ஏறியிருக்கு!”

“அப்ப ஊசி வேல செய்யுதுங்களா?”

“ஊசியாவும் இருக்கலாம். ஆனா வெரல அசைக்கிற மாதிரி மனசுல நெனச்சாலே கோடு ஏறிடும். நீங்க ஒண்ணும் நெனைக்கலல்ல?”

4

இங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். ‘நினைத்தேன்’ என்று அவள் சொன்னால் அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுவார்கள். கோட்டோடு அவள் நம்பிக்கையும் போய்விடும். ‘நினைக்கவில்லை’ என்று சொன்னால், செல்லப்பனிடம் சொல்ல ஒரு நல்ல சேதியோடு பஸ் ஏறலாம்.

முடிவு ஒன்று: “இல்லைங்க மேடம்” என்று...

முடிவு இரண்டு: “நெனச்சேன் மேடம்” என்று அழுதுகொண்டே அவள் சுவாதியின்...

இரண்டையும் அடித்துவிட்டேன். அவளைப் பொய் சொல்ல வைக்கவும் மனசு வரவில்லை, வெறுங்கையோடு அனுப்பவும் வரவில்லை.

சுவாதி காத்திருக்கிறாள். சிந்தாமணி தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள். அந்த லாரிச் சத்தத்தைப் படித்தபோது, உங்கள் விரல் சும்மாவா இருந்தது?