தண்ணீர் தெளித்த றபான்

பாட்டுக் கச்சேரி தொடங்க அரை மணித்தியாலம் இருந்தது. கோயில் வீதியில் நின்ற என் கணவர் சோமசேகரம் வாளிக்குள் கையை நனைத்து, கஞ்சிராவைவிட அகன்ற ஒருமுகப் பறையான றபானைக் கவிழ்த்து, தோலின் உட்புறத்தில் தாராளமாகத் தண்ணீர் தெளித்தார். கஞ்சிராவுக்கு அதுதான் முறை. உடும்புத்தோல் தண்ணீர் பட்டால்தான் இறங்கிப் பேசும். ஆனால் இவருடைய கஞ்சிரா காலையிலேயே கிழிந்துவிட்டது. இது ஆட்டுத்தோல் றபான், நெருப்பில் சூடு காட்டவேண்டிய சாமான். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்யும், அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அலியார், கிண்ணியாவிலிருந்து துறை கடக்கும் பாதைப்படகில் கொண்டுவந்து கொடுத்தது.

தட்டினார். ஈரச்சாக்கில் அடித்ததுபோல் 'பொத்' என்றது.

"கைப்பழக்கத்தில தெளிச்சுப்போட்டன் காக்கா. இனி ஏலாது" என்றார், பக்கத்தில் நின்ற காக்காவிடம்.

தேநீர் நேரத்தில் இருவருக்கும் பத்து வருடமாக ஒரே சண்டை. றபான் பெற்ற பிள்ளைதான் கஞ்சிரா என்பார் காக்கா. கஞ்சிராதான் கப்பலேறிப் போய்ப் பெருத்து றபானாகத் திரும்பி வந்தது என்பார் இவர். இரண்டு பேருக்கும் சரித்திரம் தெரியாது, குரல் மட்டும் பெரிது. இன்றைக்கு இருவரும் ஈரத்தோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆசை அறுபது நாள் என்பார்கள். இவருக்கு மேடையாசை ஒன்பது வருடமாகத் தீரவில்லை. பாடகர் ஞானசேகரம் மாஸ்டர் அவ்வளவு காலமும் "பாப்பம்" என்றே சொல்லி, இன்றுதான் மேடையில் இடம் கொடுத்திருந்தார். வாசிப்புப் பிழைத்தால் இனிக் கூப்பிடமாட்டார். எனக்கு அழுகையும் வந்தது, நாலு ஏச்சுக் கொடுக்கவும் வாய் உன்னியது.

"வாசல்ல கச்சான் வறுக்கிற மனிசியிட்ட அடுப்பு எரியுது" என்றேன்.

காக்கா றபானைப் பறித்துக்கொண்டு ஓடினார். "தள்ளிப் புடிக்கணும், கிட்டக் கொண்டுபோனா வெடிச்சிரும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கடலைச் சட்டிக்குப் பக்கத்தில் தணலுக்கு மேலே மெல்லச் சுழற்றினார். கச்சான் மனிசி, "கிளற விடுங்கோ, என்ர கடலை கருகுது" என்று கத்தினாள். "கருகினதெல்லாம் நாங்க வாங்குறம் புள்ள" என்றார் காக்கா. தோல் காய்ந்து வெளுத்தது. விரலால் சுண்டினார். கணீரென்றது.

மேடையில் மாஸ்டர் கஞ்சிராவுக்குப் பதிலாக றபானைப் பார்த்து முகம் சுளித்தார். முதல் இரண்டு பாட்டுக்கும் இவர் பக்கம் திரும்பவேயில்லை. இவர் பயந்து பயந்து ஒட்டி வாசித்தார். மூன்றாவது பாட்டில் சரணம் இரண்டாம் முறை வந்தபோது இவருடைய விரல்கள் பயத்தை மறந்துவிட்டன. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். அவர் மெதுவாக இவர் பக்கம் திரும்பி, தொடையில் தாளத்தை மட்டும் போட்டுக்கொண்டு, மற்றக் கையை விரித்து நீட்டினார், இனி நீர் தனியாக வாசியும் என்று.