மேட்டுப் பக்கம்

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டப் பிரமிளா வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். துணி நேராகக் கிழியாமல் கோணிக்கொண்டு போனது. அம்மாவின் நக நுனியில் பழைய மருதாணி கொஞ்சம் மிச்சமிருந்தது. முடிச்சை இறுக்கும்போது வலிக்குமோ என்று கை தயங்கியது. பிறகு இறுக்கினாள்.

"பிள்ள, மீட்டிங்கத் தள்ளி வைக்க முடியாதாம்." வாசலில் பழனியப்பன் நின்றிருந்தார். "போன் போட்டுக் கேட்டுட்டேன். பத்து மணிக்கு கோப்பெங் மண்டபத்துலதான்னு சொல்லிட்டாங்க."

பழனியப்பன் லாரி ஓட்டுபவர். ஆர்டன் தோட்டத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நேற்று மாலை ஈப்போ மருத்துவமனையிலிருந்து அம்மா சரளாவின் உடல் வந்திறங்கியதிலிருந்து கூடாரம், நாற்காலி, மேளக்காரர் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா பேரக் கூப்பிடுவாங்க. நீ வந்து சும்மா ஒக்காந்தா போதும் லா. மத்தத நான் பேசிக்கிறேன்."

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, கம்பெனி கைமாறி, கடைசியில் மிஞ்சியது கொஞ்சம் வீடுகளும் ஒரு கோயிலும், நீர்த்தேக்கத்தை ஒட்டிய சரிவில் ஓர் இடுகாடும்தான். அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள நிலத்தை அடுத்த இருபது வருடங்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்ற திட்டத்தை இப்போது புதுப்பிக்கிறார்கள். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த முதல் ஆள் சரளா. வரைபடத்தில் நீர்மட்டம் இப்போதிருப்பதைவிட உயர்ந்திருந்தது. கரையைச் சுற்றி அகலமாக ஒரு பச்சைப் பட்டை. அதற்குள் யாரும் போக முடியாது, வேலி வரும். அந்தப் பச்சையில் இடுகாடு எங்கும் இல்லை.

"நம்ம ஆளுங்க அம்புட்டுப் பேரும் அங்க படுத்திருக்காங்க, ஒரு புள்ளிகூட வைக்கலியே!" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து வந்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டே, ஆட்சேபங்களைக் கேட்கும் கூட்டத்தில் பேச வேண்டியதை மலாயில் உரக்கச் சொல்லிப் பழகினாள். அப்படிப் பழகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள்.

பழனியப்பன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு பிள்ள. அக்காவ நம்ம இடுகாட்டுலயே வைப்போம். இப்ப எல்லாரும் மின்சுடலைக்குப் போயிடுறாங்க. இங்க பொதைச்சு எத்தனையோ வருஷமாச்சு. அதனாலதான் அவுங்க அத சும்மா கெடக்குற எடம்னு நெனைக்கிறாங்க. அக்கா அங்க படுத்தா யாரும் கை வைக்க முடியாது."

பிரமிளா மீதித் துணியைச் சுருட்டி வைத்தாள். "அப்பாகிட்ட கேக்குறேன் மாமா," என்றாள்.

அப்பா சதாசிவம் பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பிரமிளா குனிந்து அதைச் சரிசெய்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஈப்போக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா. நாலு மணிக்கு மின்சுடலை. ஆனா பழனி மாமா இங்கயே பொதைக்கணும்னு..."

"வேணாம்."

அவர் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில எங்கிட்ட சொன்னா. இங்க பொதைச்சிறாதீங்க, என்னை எரிச்சிடுங்கன்னு," என்றார்.

"அம்மாவா சொன்னாங்க?"

"போன மழைக்கு முந்தின மழையில தண்ணி ஏறிச்சுல்ல. கீழ் வரிசைக் கரை சரிஞ்சிடுச்சு. இவ கீரை பறிக்கப் போனவ பாத்திருக்கா. ஒரு பெட்டிப் பலகை மெதந்து வந்துச்சாம். பித்தளைக் கைப்புடியோட. எல்லார்கிட்டயும் பழைய படகுப் பலகைன்னு சொல்லிட்டா. அன்னையிலேருந்து தூக்கத்துல காலை உதைப்பா. தண்ணி வருது, தண்ணி வருதும்பா."

"அப்புறம் ஏன்பா இந்த மீட்டிங், கையெழுத்து எல்லாம்?"

"பயந்துகிட்டேதான் ஓடுனா." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது. "வெளிய சொல்லிறாத பிள்ள. அவளே பயந்தான்னு தெரிஞ்சா இந்தச் சனம் மூட்டையக் கட்டிடும். நீ மீட்டிங்குக்குப் போய்ட்டு வா. பேரு கூப்பிடும்போது யாருமே இல்லாம இருக்கக் கூடாது."

லாரியில் போகும்போதே அப்பா ஈப்போ மின்சுடலை என்று முடிவு செய்துவிட்டதாக அவள் சொன்னாள். பழனியப்பன் சாலையைப் பார்த்தபடி, "அப்பா சொன்னா சரி," என்றார்.

மண்டபத்தில் ஏர்கான் குளிர் எலும்பில் ஏறியது. முன்சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. மீன் பிடிப்பவர்கள், பழத்தோட்டக்காரர்கள், படகு வாடகைக்கு விடும் சீனர் ஒருவர் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். முக்காடு அணிந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"புவான் சரளா."

யாரும் எழவில்லை. அதிகாரி மறுபடி கூப்பிட்டார். பழனியப்பன் எழுந்து, சரளா நேற்று இறந்துவிட்டதாகச் சொல்லி, இடுகாட்டைப் பற்றிப் பேசினார். அவருடைய மலாய் நன்றாகத்தான் இருந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார். பிறகு கேட்டார்:

"மாசே பாக்காய்?"

இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார். பயன்பாட்டில் இருந்தால் எல்லையைத் திருத்தப் பரிந்துரைக்கலாம், வழி விடலாம் என்று விளக்கினார். கைவிடப்பட்ட இடமென்றால், எலும்புகளைத் தோண்டியெடுத்து வேறிடத்துக்கு மாற்றுவதுதான் நடைமுறை. "கடைசியாக எப்போது அடக்கம் செய்தீர்கள்?"

பழனியப்பன் வாயைத் திறந்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரமிளாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோட்டத்திலிருந்து வந்திருந்தவர்கள் எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

பிரமிளா வரைபடத்தைப் பார்த்தாள். நீலம் அவ்வளவு அடர்த்தியாக இருந்தது. பித்தளைக் கைப்பிடி எந்த இடத்தில் மிதந்திருக்கும் என்று கண் தேடியது. தாத்தாவை, தாத்தாவின் தம்பியை, பிறந்த அன்றே போன தன் அண்ணனைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவதை நினைத்தாள்.

"ஹாரி இனி," என்றது ஒரு குரல். இன்றைக்கு. தன் குரல்தான் என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. "இன்னைக்குச் சாயங்காலம் என் அம்மாவ அங்கதான் அடக்கம் பண்றோம்," என்று மலாயில் சொல்லி முடித்தாள்.

அதிகாரி மெல்லத் தலையாட்டினார். எந்த உறுதியும் தர முடியாது, நாளைக் காலை நில அளவைக்காரர்களை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் பழனியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதார். "அக்கா பொண்ணுன்னு காட்டிட்ட லா," என்றார். பிரமிளா லாரியை நிறுத்தச் சொல்லி, சாலையோரப் புல்லில் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த வெறும் தேநீர்தான் வந்தது.

வீட்டை நெருங்கும்போதே ஆண்கள் சிலர் மண்வெட்டும் சங்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போவது தெரிந்தது. யாரோ போனில் சொல்லிவிட்டிருக்க வேண்டும். அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நான் மீட்டிங்ல..."

"கேள்விப்பட்டேன்."

ஊதுபத்திச் சாம்பல் நீண்டு வளைந்து விழுந்தது. சுற்றியிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அடுப்படிக்குப் போனார்கள்.

"அவ உங்கிட்ட சொல்லல," என்றார் அப்பா. "எங்கிட்ட சொன்னா."

"தெரியும்பா."

"கண்ணத் தொறந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா."

அவள் அழவில்லை. அழுதால் அவர் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மேட்டுப் பக்கமா வெட்டச் சொல்லு," என்றார்.

சொல்லி அனுப்புவதற்குள் அவர்கள் வெட்டத் தொடங்கியிருந்தார்கள், சரிவின் நடுவில், தாத்தாவின் சமாதிக்குப் பக்கத்தில். அப்பாவும் பிரமிளாவும் போய்ச் சேர்ந்தபோது குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. பொம்பளை எதுக்கு இங்க என்று ஒருவர் முணுமுணுத்தார். "அவ வரட்டும்," என்றார் அப்பா.

குழிக்குள் இருந்தவர் சங்கோலை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். பாதத்தைச் சுற்றி மண் கறுத்துக்கொண்டே வந்தது. கறுத்த இடம் மினுங்கியது. பிறகு அதில் வானம் தெரிந்தது. மரங்களுக்குக் கீழே நீர்த்தேக்கம், வழக்கம்போல, ஓசையே இல்லாமல் கிடந்தது.

"மூடுங்க," என்றார் அப்பா. "மேல போங்க."

மேலே, வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரங்களுக்கு அருகில் மண் கல்லும் வேருமாக இருந்தது. சங்கோல் பட்டுப் பொறி பறந்தது. ஆட்கள் மாறி மாறி வெட்டினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் தூக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று போன் மேல் போன் வந்தது.

குழி மார்பளவு ஆனதும் போதும் என்றார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் உள்ளே இறங்கினார். வெறும் காலால் தரையின் நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்த்தார். நடுவில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, ஏதோ கேட்பதுபோல் அசையாமல் இருந்தார். பிரமிளாவும் உற்றுக் கேட்டாள். தன் காதுக்குள் ரத்தம் ஓடும் சத்தத்தைத் தண்ணீர் என்றே நினைத்தாள்.

"காஞ்சிருக்கு," என்றார் அப்பா.

மழைக்கு முன்னால் அடக்கம் முடிந்துவிட்டது. பிரமிளா மூன்று பிடி மண் போட்டாள். பெட்டியில் மண் விழுந்த சத்தம் உலர்ந்து, கனமாகக் கேட்டது. மழை ராத்திரி முழுவதும் கொட்டியது. அடுத்த அறையில் அப்பா எழுந்து எழுந்து ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் தூங்கவில்லை.

காலையில் பால் ஊற்றப் போனார்கள். அளவைக்காரர்கள் முன்பே வந்திருந்தார்கள். சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்புகளைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, சற்றுத் தள்ளி நின்றார்கள். புது மேட்டின் மேல் மாலைகள் நைந்து ஒட்டிக்கிடந்தன. மேடு கரையவில்லை.

அவர்கள் சரிவில் முதல் முளையை அடித்தார்கள். அது கீழ் வரிசைக்கு மேலே விழுந்தது. கீழ் வரிசையில் படுத்திருப்பவர்கள் எல்லைக்கு வெளியே போய்விடுவார்களா என்று பழனியப்பன் ஓடிப்போய்க் கேட்டார். இது வெறும் அளவுதான், முடிவு பிறகுதான் வரும் என்றார்கள். அவர் ஒரு முளையிலிருந்து அடுத்ததற்குக் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் தண்ணீருக்கு மேல் போய்த் திரும்பி வந்தது.

பிரமிளா செம்பைச் சாய்த்தாள். ஈர மண் பாலை உள்ளே வாங்கவில்லை. அது மேட்டின் பக்கவாட்டில் வழிந்து, புல்லுக்கிடையே மெல்லிய கோடாகி, சரிவில் இறங்கத் தொடங்கியது.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அதன் குறுக்கே வைத்தார். பால் தேங்கி விரல்களுக்கிடையே நிறைந்தது. அவர் கையை எடுக்கவில்லை.