டைனமோ சுற்றிய தேர்தல்

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாளே எங்கள் குசினியில் கணக்காய்வு தொடங்கிவிட்டேன். கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் காலமெல்லாம் மற்றவர்களின் கணக்குச் சிட்டைகளைக் குடைந்த மூளை சும்மா இருக்குமா? மிளகாய்த்தூள் ஏன் இவ்வளவு கெதியில் முடிகிறது, சவர்க்காரம் ஏன் நடுவில் மெலிகிறது என்று என் மனைவி ஸ்ரெல்லாவைக் குடைந்தேன். என்னைக் கண்டால் நெத்தலிகள்கூடச் சட்டிக்குள் வரிசையாக நின்று பெயர் சொல்லும்.

"இஞ்சாருங்கோ, பகலிலை எங்கையாவது போய்த் தொலையுங்கோ. இல்லாட்டி நான் கன்னியர் மடத்திலை போய்ச் சேருவன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பட்டினத்துச் சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்துக்குத் தலைமைக் கணக்காய்வாளர் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணப் பட்டினத்தின் அத்தனை மீனவர் சங்கங்கள், வாசிகசாலைகள், மாதர் சங்கங்களின் கணக்கையும் பார்க்கும் பதவி. சம்பளம் கிடையாது. ஆனால் இருந்து வேலை பார்க்கத் தனிக் கந்தோர், தனிக் கதிரை, விடிந்தால் பொழுதுபடும்வரை வேலை. நான் போட்டியிடுகிறேன் என்றதும் ஸ்ரெல்லா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். என்மீது கொண்ட பாசத்தில் அல்ல. பகலில் நான் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்ற பெரும் பக்தியில்.

எதிர்த்து நின்றவர் அரியாலைப் பஞ்சலிங்கம் மாஸ்ரர். தங்கமான மனுசன். பேசத் தொடங்கினால் மட்டும் கீரிமலைக் கேணி வற்றினால்தான் நிறுத்துவார்.

மின்சாரம் எங்களை அடியோடு மறந்திருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோ ஓடும், ஒலிபெருக்கி பேசும். கை நின்றால் பேச்சும் நிற்கும். கூட்டத்தன்று பின்னேரம் மண்டபத்தில் முழுக் குடாநாடும் இருந்தது. இடமில்லாமல் காகங்கள் திரும்பிப் போயின.

மாஸ்ரருக்குச் சுற்றியவன் கடற்றொழிலாளி லியோன். மாஸ்ரர் முன்னுரையிலேயே நின்றார். லியோனின் கை வீங்கிப் பூசணிக்காய் ஆனது.

"மாஸ்ரர், இவ்வளவு நேரம் வள்ளத்திலை தண்டு வலிச்சிருந்தால் இப்ப இந்தியாவிலை நிண்டிருப்பன்!" என்று கத்திவிட்டுக் கையை எடுத்தான். அது மட்டும் ஒலிபெருக்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தது நான். சுற்ற ஆளில்லை. ஸ்ரெல்லா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழும்பி வந்தாள்.

"விடுங்கோ, நான் சுத்திறன்."

தொடங்கினேன். "அன்பர்களே, கச்சேரியில் நான் பிடித்த களவுகளை எழுத வெளிக்கிட்டால் இலங்கையில் கடதாசிக்குத் தட்டுப்பாடு வரும்…"

சத்தம் செத்துவிட்டது. திரும்பினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன ஸ்ரெல்லா, சுத்துமன்!"

"எத்தினை களவு பிடிச்சனீங்கள்?"

"…ஒண்டு."

"அதைச் சொல்லுங்கோ."

சுற்றினாள். "ஒரு களவு பிடித்தேன்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. கைதட்டலில் ஓடுகள் சரிந்தன.

"அந்தக் கள்ளன் ஓடிவந்து என் காலில் விழுந்து…"

மறுபடி அவள் கை நின்றது.

"அவனோ விழுந்தவன்?"

"இல்லை. துரத்தேக்கை நான்தான் தடக்கி விழுந்தனான்."

அதற்கும் சுற்றினாள். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாதர் சங்கத் தலைவி அற்புதராணி எழும்பி நின்று, "அக்கா, விடாதையுங்கோ! இண்டைக்குத்தான் ஆள் உண்மை கதைக்கிறார்!" என்றாள்.

என் வாழ்நாள் சாதனைகள் முழுவதும் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.

கூட்டத் தலைவர் வாக்குக்குக் கையுயர்த்தச் சொல்ல வாயெடுத்தபோது லியோன் எழும்பினான். "ஐயா, ஏன் உவை ரெண்டு பேரோடை மினக்கெடுவான்? பொய் வந்த உடனை நிப்பாட்டத் தெரிஞ்ச ஆள் அங்கை சைக்கிளடியிலை நிக்கிறா. அவவும் மாதர் சங்க அங்கத்தவர்தானே?"

"ஓம், நான் வழிமொழியிறன்!" என்று மாஸ்ரர் துள்ளி எழுந்தார். அதற்கான காரணங்களையும் விளக்கத் தொடங்கினார். ஒருவரும் சுற்றவில்லை.

ஸ்ரெல்லா என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரிலை ஆர் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் என்ன" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையாட்டினாள்.

கைகள் கூரையை முட்டின. நான் மகிழ்ச்சியில் இரண்டையும் தூக்கினேன். ஒன்றை இறக்கச் சொன்னார் புதிய கணக்காய்வாளர்.

மறுநாள் நான் வைத்த நண்டுக் குழம்பின் வாசத்துக்குக் கொழும்புத்துறைத் தோணிகளெல்லாம் திசைமாறி எங்கள் வீட்டுப் படலையடிக்கே வந்துவிட்டன. இதை எழுதும்போது, பொய்யை நிறுத்தத் தெரிந்தவர் கந்தோரில் இருக்கிறார்.