ஜீவன் இழுத்த கேபிள்

பதுளை நகரில் துணிக்கடை நடத்தும் செல்வநாயகத்தின் வீட்டில், மின்வேலை எதுவும் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீரசிங்கத்தின் கை படாமல் நடந்ததில்லை. வீடு எழும்பியபோது சுவர்களுக்குள் வயர் இழுத்தவர் அவர். கடையின் மெயின் போர்டும் அவர் அமைத்ததே. தம் ஊரான பசறையிலிருந்து வளைவு வளைவாய் இறங்கும் பஸ்ஸில் எத்தனையோ மழைநாள்களில் அவ்வீட்டுக்காகப் புறப்பட்டு வந்திருக்கிறார். ஆயினும் முதுகுவலிக்கு இதமென்று செல்வநாயகம் பின்கட்டில், உள்ளே அமர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தபோது, அழைப்பு அவருக்கு வரவில்லை. பூனாகலைத் தோட்டத்து இளைஞன் ஜீவனுக்குப் போயிற்று. ஜீவன் தொழிற்பயிற்சி பெற்றவன்; சான்றிதழ் வைத்திருப்பவன்.

அன்று தொட்டு வீரசிங்கத்தின் நெஞ்சில் அழுக்காறு குடிபுகுந்தது. கோயிலில் பதிகம் ஓத அமர்ந்தால், இரண்டாம் பாட்டைத் தாண்டுமுன் ஜீவனின் முகம் குறுக்கே வந்து நின்றது. தாம் கண்டிராத அந்தத் தொட்டியை, எங்கே எப்படிப் பொருத்தியிருப்பான், எதில் பிழை விட்டிருப்பான் என்று மனத்துக்குள் நூறு முறை பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமைக் காலையில், செல்வநாயகமே தொலைபேசியில் பேசினார். தொட்டியின் சுவிட்சைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுதும் கரண்ட் போகிறதாம். ஜீவன் கொஸ்லந்தையில் ஒரு ஹோட்டல் வேலையில் இருக்கிறானாம், திங்கட்கிழமைதான் வருவானாம். வீரசிங்கம் வருத்தம் தெரிவித்துவிட்டு, உவகையோடு பஸ் ஏறினார். பிழை ஒன்று போதும். ஒரே ஒரு பிழையைக் காட்டிவிட்டால் அந்த வீடு மீண்டும் அவர் வீடாகிவிடும்.

மெயின் போர்டிலிருந்து தொட்டிவரை ஜீவன் இழுத்திருந்த கேபிளைக் கண்டதும் அவருக்கு முதல் அடி விழுந்தது. சீர் பிசகாத செய்யுளைப்போல, சாண் அளவுக்கு ஒரு கிளிப்பாக, அது நேர்கோட்டில் ஓடியது. திரும்புமிடங்களில் மடிப்பில்லை, வளைவு மட்டுமே. தரமான கேபிள், தேவைக்கு மேலான பருமன். இரு முனைகளையும் கழற்றி, மின்கசிவை அளக்கும் மெகரை வைத்தார். முள் கடைசிவரை ஓடி நின்றது: கசிவே இல்லை. மீண்டும் வைத்தார். மூன்றாம் முறையும் வைத்தார். ஏர்த் வயரையும் சோதித்தார். குறை கிட்டவில்லை.

பின்னர் தொட்டியின் பக்கத்தைச் சோதித்தார். முள் அசையவே இல்லை: அத்தனையும் கசிவு. ஹீட்டருக்குக் கரண்ட் போகும் சிறு பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே, வயர்கள் சேரும் பித்தளைத் திருகுகளின் நடுவே, சந்தனமும் குங்குமமும் குழைந்து கிடந்தன. அவற்றின்மேல் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. கசிவு அங்கேதான்.

செல்வநாயகம் கதவருகே வந்து நின்று, பொடியன் வேலை சரியில்லையா என்று கேட்டார். வீரசிங்கம் மூடியை மெல்லப் பெட்டியின்மேல் கவிழ்த்தார்.

"ஏர்த் சரியா வரலைங்க முதலாளி. சர்டிபிகேட் பேப்பர வச்சுக்கிட்டு வயர் இழுத்தா இப்படித்தான்."

செல்வநாயகம் அப்போதே ஜீவனை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, வீரசிங்கம் கண்டுபிடித்ததைச் சற்றுக் காரமாகவே சொன்னார். மறுமுனையில் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது.

"அண்ணே பக்கத்துல இருக்காரா?" என்றான் ஜீவன். "அண்ணே, கேபிளுக்கு மெகர்ல எவ்வளவு காட்டுச்சு?"

அக்குரலில் கோபமில்லை; பணிவுமில்லை. தொழிலறிந்தவன் தொழிலறிந்தவனிடம் கேட்கும் கேள்வி மட்டுமே இருந்தது. குறைவான ஏதேனும் ஓர் எண்ணைச் சொன்னால் போதும். அந்தக் கடைக்கு வந்துபோகிறவர்களின் வீடுகள் அனைத்திலும் ஜீவனின் பெயர் அழிந்துவிடும். ஆனால் மெகரில் பார்த்த அளவை வீரசிங்கம் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. கையிலிருந்த மெகரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முள்ளு கடைசி வரைக்கும் போச்சு தம்பி."

"பெட்டிப் பக்கம்?"

"ஒண்ணுமே காட்டல. உள்ள ஈரம். ஒன் ஏர்த்தும் நல்லாத்தான் இருக்கு."

செல்வநாயகம் தொலைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஈரம் எப்படி வந்தது என்று கேட்டபடி செல்வநாயகத்தின் மனைவி கனகம் வந்தாள். வீரசிங்கம் மூடியை எடுத்துக் காட்டியதும் அவள் முகம் வெளிறியது. வீடு கட்டி முடிந்த அன்று வீரசிங்கம் மெயின் போர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டதை அவள் மறக்கவில்லை. ஜீவன் அப்படி எதுவும் செய்யாமல் போனது அவள் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் நேற்று, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து மஞ்சள் நீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் தானே வைத்தாளாம்.

"வெளியில வச்சா தண்ணி தெறிச்சு அழிஞ்சுரும்னு உள்ள வச்சேன் அண்ணே. நீங்க வச்சீங்கதானே?"

"நான் மூடி மேல வச்சேம்மா. ஏன் மேலன்னு ஒங்களுக்குச் சொல்லல. தப்பு என்னோடது."

திருகுகளைத் துடைத்து, கனகம் கொண்டுவந்த தலைமுடி உலர்த்தியால் ஈரத்தை நீக்கி, மறுபடியும் அளந்து, கழற்றிய முனைகளை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. தொட்டி நீரைச் சுழற்றும் மோட்டார் உறுமி, நீர் குமிழியிட்டது.

செல்வநாயகம் மீண்டும் ஜீவனை அழைத்தார். அவன் வேலையில் எள்ளளவும் குறையில்லை என்று மனமாரச் சொன்னார். திங்கட்கிழமை வரும்போது கடையின் மெயின் போர்டையும் ஒருமுறை பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். வீரசிங்கம் கருவிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். கிளிப்புகளின் வரிசை கண்ணெதிரே இருந்தது. ஒன்றாவது கோணியிருக்காதா என்று எண்ணிப் பார்த்தார்.

பகலுணவுக்கு இருக்கச் சொன்னார்கள், இருந்தார். மூன்று மணிக்குத் தொட்டியிலிருந்து ஆவி எழுந்தது. கனகம் சுவிட்சை அணைத்தாள். செல்வநாயகம் குழந்தையின் மகிழ்ச்சியோடு அருகே அழைத்து, கையை விட்டுப் பார்க்கச் சொன்னார்.

வீரசிங்கம் கையை விட்டார். வாழ்நாளெல்லாம் பசறைக் குளிரில் விறைத்த விரல்களுக்குள் வெதுவெதுப்பு மெல்ல ஏறியது. எடுக்க மனம் வரவில்லை.

"சூடு இன்னும் காணாதுங்க முதலாளி," என்றார்.