ஆடு தின்ற பூ

ஸனோபரின் கூடை மூன்றாவது நாளும் பாதிகூட நிரம்பவில்லை. சுற்றிலும் எல்லா வயலிலும் ஆட்கள் வெயில் ஏறுமுன் பூவைப் பறித்துவிட வேண்டுமென்று இடுப்பொடியக் குனிந்திருக்க, அவள் மட்டும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள். அதைப் பார்த்த அவள் கொழுந்தன் பராத் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பாமல் என்ன செய்வான்? செய்த காரியம் அப்படி.

அண்ணன் நவ்ரூஸ் செத்து நாலு வருஷம். அண்ணி ஸனோபரின் குங்குமப்பூ வயலுக்குக் களை கொத்துவது, தண்ணீர் பாய்ச்சுவது, உரம் போடுவது எல்லாம் பராத்தான். கூலி கிடையாது. வசந்தத்தில் இலை பழுக்கும்போது அறுத்துத் தன் ஆடுகளுக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அந்த இலைதான் அவன் புத்தியைக் கெடுத்தது. போன வருஷம் மழை பொய்த்து ஆடெல்லாம் எலும்பும் தோலுமாக நின்றன. அண்ணி வயலில் ஒரு மூட்டை யூரியா போடுகிற இடத்தில் மூன்று மூட்டை கொட்டினான். இலை முழங்காலைத் தொட்டது. தன் வயலில் அப்படிப் போட்டானா? மாட்டானே. அங்கே மக்கின சாணம், அதுவும் அளவாக. இலை கொழுத்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு சிறுக்கும், சிறுத்த கிழங்கு பூக்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மஷ்ஹத் நகரத்தில் பிறந்து வளர்ந்த ஸனோபருக்குத்தான் தெரியாது. ஒரு வருஷம் கொஞ்சம் குறைந்தால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான், படுபாவி.

மத்தியானம் அண்ணி கூப்பிட்டு அனுப்பினாள். போனால், அடுப்பில் மஞ்சளாகப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

“உட்காரு தம்பி. வயலை விக்கப்போறேன். செங்கல் சூளைக்காரர் நாளைக்கு வர்றார்.”

“சூளைக்கா? எதுக்கு அண்ணி இவ்வளவு அவசரம்?”

“உங்க அண்ணன் வருஷா வருஷம் முதல் பூவுல பாயசம் காய்ச்சி ஊருக்கே ஊத்துவார். போன வருஷம் நான் கையைச் சுருக்கிக்கிட்டேன். அதான் நிலம் என்னை வேண்டாம்னுடுச்சு.” கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னாள். “நீ மாடா உழைச்ச. தன் வயலைவிட என் வயலைத்தான் பராத் நல்லாப் பாத்துக்கிறான்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். உன் உழைப்பையும் மண்ணாக்கிட்டேன். மன்னிச்சுக்கோப்பா.”

பராத்துக்குக் காதெல்லாம் எரிந்தது. இப்போது எழுந்து போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அண்ணன் வயலில் மட்டும் சூளை எரியும்.

“விக்காதீங்க அண்ணி,” என்றான் தரையைப் பார்த்து. “நிலம் ஒண்ணும் சொல்லல. நான்தான். ஆட்டுக்கு இலை வேணும்னு யூரியாவை மூணு பங்கா கொட்டினேன். தெரிஞ்சேதான் கொட்டினேன். கிழங்கு சிறுத்துப்போச்சு. ரெண்டு வருஷம் மக்கின சாணம் மட்டும் போட்டா திரும்பிடும். என் வண்டியில, என் சாணம்.”

கரண்டி நின்றது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“இந்த வருஷம் எத்தனை குட்டி?” என்று கேட்டாள்.

“பதினொண்ணு.”

“நல்லா இருக்கா?”

“இருக்கு அண்ணி.”

ஸனோபர் போனை எடுத்துச் சூளைக்காரரை வரவேண்டாம் என்றாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பாயசத்தை வழிய ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடு. உங்க அண்ணன் பேர்ல காய்ச்சினது. உன் ஆடு தின்னது போக மிச்சம் இருந்த பூ இதுதான்.”

அவன் ஒரு வாய் எடுத்து வைத்தான். பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைக்கப் பார்த்தான். அவன் கிண்ணத்தைக் காலி பண்ணும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.